இரண்டு தலையும் உள்ளே போக வேண்டும்

கண்ணுகளா,

ஆற்றங்கரையில் நின்று நான் உங்களுக்குக் கத்திச் சொல்வதில் பாதியைத் தண்ணீர்ச் சத்தம் தின்றுவிடுகிறது. மீதிப் பாதிக்கு நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். கேட்டுத்தான் ஆட்டுகிறீர்களா, ஹெல்மெட் பெரிதாக இருப்பதால் தானாக ஆடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் என் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் உங்களில் ஒருத்திதானே. போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் தம்பியும் இரட்டைப் படகில் போய், நடு ஆற்றில் ஒருவர் மேல் ஒருவர் துடுப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். “உன்னாலதான்!” “இல்ல, உன்னாலதான்!” என்ற சத்தம் மட்டும் அத்தனை இரைச்சலையும் தாண்டி எனக்கு நன்றாகக் கேட்டது. அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

துடுப்பை எப்படிப் பிடிப்பது, முழங்காலை எப்படி ஊன்றுவது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைத் தண்ணீர் சொல்லித் தரும். நான் பல வருஷம் போட்டிப் படகு ஓட்டினேன். தனிப் படகில் ஓட்டினேன், இரட்டைப் படகில் ஓட்டினேன், வடக்கே பனி உருகி வருகிற ஆறுகளில் விரல் மரத்துப் போக ஓட்டினேன். ஆனால் அந்த வருஷம் பாண்டியாற்றில் நடந்தது போல ஒன்று எனக்கு வேறெங்கும் நடக்கவில்லை. இப்போது எழுதும்போதும் கை துறுதுறுவென்று இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். ஆறு பாறைகளுக்கு நடுவே வேகமாக இறங்குகிற இடமாகப் பார்த்து, குறுக்கே கம்பி கட்டி, அதிலிருந்து ஜோடி ஜோடியாகக் கம்புகளைத் தொங்க விடுவோம். ஒரு ஜோடி ஒரு கேட். பச்சைக் கேட் என்றால் தண்ணீரோடு இறங்கிப் போக வேண்டும். சிவப்புக் கேட் என்றால் அதைத் தாண்டிக் கீழே போய், திரும்பி, தண்ணீரை எதிர்த்து ஏறி நுழைய வேண்டும். கம்பைத் தொட்டால் நம் நேரத்தோடு இரண்டு நொடி சேரும். கேட்டை விட்டுவிட்டால் ஐம்பது நொடி சேரும். ஐம்பது சேர்ந்தால் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். விட்ட கேட்டுக்குத் திரும்பி ஏறிப் போக அனுமதி உண்டு, ஆனால் அடுத்த கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். இரட்டைப் படகுக்கு இன்னும் ஒரு சட்டம். முன்னால் இருப்பவர் தலை, பின்னால் இருப்பவர் தலை, இரண்டும் கம்புகளுக்கு நடுவே போக வேண்டும். ஒரு தலை உள்ளே, ஒரு தலை வெளியே என்றால் அது விட்ட கேட்.

அப்போது நான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாக்டரி வேலையில் இருந்தேன். சூசை அதே தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி அவன் தோள் இரண்டும் பலாக்காய் மாதிரி இருக்கும். எங்கள் படகுக் குழுவில் இருந்தது ஒரே ஒரு இரட்டைப் படகு. எங்கிருந்தோ கைமாறி வந்தது. அடியில் ஒட்டுப் போட்ட தழும்புகள். நான் முன்னால், சூசை பின்னால். முன்னால் இருப்பவனுக்குத் தண்ணீர் முதலில் தெரியும். பின்னால் இருப்பவனுக்குப் படகு முழுக்கத் தெரியும். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்த்தால் படகும் கூடவே திரும்பிவிடும் என்பதால், பின்னால் இருப்பவன் முகத்தை ஓட்டம் முடிகிற வரை பார்க்கவே முடியாது. கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குக்கூட இப்படி ஒரு சிக்கல் கிடையாது.

கவிழ்ந்தால் நிமிர்வதற்கு நாங்கள் முதலில் பழகியது தோட்டத்துத் தடுப்பணையில். படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி ரப்பர் துணி ஒன்று கட்டுவோம் அல்லவா, அதைப் பார்த்ததும் மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் கூடைகளை இறக்கி வைத்துவிட்டார்கள்.

“ஏனுங்க சூசை, பாவாடை புதுசுங்களா? எந்தக் கடை?”

சூசை பதில் சொல்வதற்குள் நான் படகைக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீருக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நான் இடது பக்கம் தள்ளுகிறேன். அவன் வலது பக்கம் தள்ளுகிறான். இரண்டு பேருக்கும் நல்ல பலம். அதனால் படகு அப்படியே வயிற்றைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. மூச்சு முட்டி, துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தோம்.

“உள்ள என்னடா பண்ணிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்? பேசிட்டு இருந்தீங்களா?” என்றார் ஒரு அக்கா.

பேச முடியாது என்பதுதானே பிரச்சினை! அன்றே முடிவு செய்தோம். எந்த நேரமும், எந்தத் தண்ணீரிலும், நிமிர்வது சூசை பக்கம். அதற்கப்புறம் எத்தனை முறை கவிழ்ந்திருப்போம்! ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. தண்ணீருக்குள் யோசிக்கிற வேலையை எல்லாம் தண்ணீருக்கு வெளியேயே முடித்துவிட வேண்டும். இது எங்களுக்கு அந்தத் தடுப்பணையிலேயே தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பாதிதான் தெரிந்தது.

சூசையின் அப்பா ஆரோக்கியம் மேஸ்திரி. நாற்பது பேரை வேலை வாங்குகிறவர். குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர். மகனுக்கு நிலையான ஒரு வேலை வேண்டும் என்பது அவர் ஆசை. கவாத்து வேலை எல்லா மாதமும் இருக்காது. திருப்பூரில் சொந்தக்காரர் ஒருவர் பனியன் கம்பெனியில் சூசைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். வடக்கே நடக்கிற அகில இந்தியப் போட்டிக்குப் போக இரட்டைப் படகில் ஒரே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று சூசை அவரிடம் சொன்னபோது நானும் தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

“தண்ணியில போறவனுக்கு யாரு சம்பளம் குடுப்பா, மகன்?” என்று கேட்டார் அவர்.

“ஜெயிச்சாக் குழுவுலயே பழக்கிக் குடுக்கற வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்கப்பா.”

“ஜெயிச்சா.”

“ஆமாங்கப்பா. ஜெயிச்சா.”

மேஸ்திரி தாடையைத் தடவினார். “சரி. ஜெயிச்சா இரு. தோத்தா திங்கக்கெழமை திருப்பூரு. நானே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வருவேன்.”

அவ்வளவுதான் பேச்சு. என் ஜோடி என்னோடு இருப்பானா மாட்டானா என்பது அந்த ஆற்றின் கையில் போய்விட்டது. சூசை இல்லாவிட்டால் எனக்கு வேறு ஜோடி யார்? யாரும் இல்லை.

போட்டி கூடலூருக்குக் கீழே, பாண்டியாறு வளைந்து இறங்குகிற ஒரு இடத்தில். மழை ஓய்கிற காலம். தண்ணீர் பழுப்பாக, நல்ல திமிரோடு ஓடியது. கேட்டுகளைக் கட்டிய பிறகு யாரும் அதில் படகு ஓட்டிப் பார்க்கக் கூடாது. கரையில் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். நாங்கள் ஒரு பாறை மேல் கண்ணை மூடி நின்றுகொண்டு, கைகளை மட்டும் துடுப்பு மாதிரி ஆட்டி, ஒவ்வொரு கேட்டாக மனசுக்குள் போய்க்கொண்டிருந்தோம். ஸ்ரீமதுரைப் பக்கத்து விவசாயிகள் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“பாவம், சின்னப் பசங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சாமி வந்துருச்சு” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. சூசை கண்ணைத் திறக்காமலேயே சிரித்தான்.

எங்களை எதிர்த்து எங்கள் குழுவிலேயே ஒரே ஒரு ஜோடி. குன்னூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த அண்ணன் தம்பி. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், தங்கமானவர்கள், வாய் மட்டும் சும்மா இருக்காது. படகு ஒன்றுதான் என்பதால், நாங்கள் ஓட்டி முடித்ததும் அதே படகைத் தூக்கி வந்து அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எது நல்ல நேரமோ அதுதான் கணக்கு.

“ஏனுங்க சேரம்பாடி,” என்றான் அண்ணன்காரன், “படகை உடைச்சுப் போடாதீங்க. அடுத்து நாங்க போகோணும்.”

“உங்களுக்குக் குடுக்கறப்ப தொடச்சே குடுக்கறோமுங்க” என்றான் சூசை.

எட்டாவது கேட் சிவப்பு. இடது கரை ஓரம், லாரி முகப்பு மாதிரி ஒரு பாறை. அதற்குப் பின்னால் தண்ணீர் வேகம் இழந்து மேல்நோக்கிச் சுற்றும். அந்த இடத்தைத்தான் நாம் பாறை நிழல் என்று சொல்கிறோம். அந்த நிழலுக்குள் பாய்ந்து, கேட்டில் ஏறி, உடனே வெளியே திரும்பி ஒன்பதாவது பச்சைக் கேட்டுக்கு விழ வேண்டும். இடைவெளி ரொம்பக் குறைவு.

முதல் ஓட்டம். ஏழு கேட் வரை கம்பு எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனது போலத்தான் இருந்தது! எட்டாவதில் நிழலுக்குள் பாய்ந்தோம். என் தலை இரண்டு கம்புகளுக்கும் நடுவே அழகாகப் போயிற்று. போனதும் எனக்கு ஒன்பதாவது கேட் கண்ணில் பட்டது. ஆசை வந்துவிட்டது. துடுப்பைக் குத்திப் படகின் மூக்கை வெளியே இழுத்தேன். மூக்கு வெளியே போனால் வால் மறுபக்கம் வீசும் அல்லவா? வால் வீசியது. வாலில் உட்கார்ந்திருந்த சூசையின் தலை கம்புக்கு வெளியே போய்விட்டது.

எனக்கு இது தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? என் தலை உள்ளே போயிற்று, அதனால் கேட் முடிந்தது என்று நான் முன்னால் இழுக்கிறேன். சூசைக்குத் தெரியும். அவன் திரும்பி ஏறப் பின்னால் இழுக்கிறான்.

“ஏறு! ஏறு!”

“எங்க ஏறறது? போடா!”

“ஏறுடா!”

“போச்சுடா, போ!”

தண்ணீருக்கு இது போதும். படகு குறுக்கே திரும்பியது. பாறையில் பக்கவாட்டில் போய் அறைந்தது. கவிழ்ந்தோம். அடியில் ஆழம் இல்லை, நிமிர இடம் இல்லை. துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, படகைப் பிடித்துக்கொண்டு நீந்தியே முடிவுக் கோட்டைத் தாண்டினோம். நீந்தினால் அந்த ஓட்டம் கணக்கில் கிடையாது.

அண்ணன் தம்பி படகை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். தம்பிக்காரன், “தொடச்சுக் குடுக்கறேன்னு சொன்னீங்க, கழுவியே குடுத்துட்டீங்க” என்றான். அப்புறம் போய் ஒரு கம்பை மட்டும் தொட்டுவிட்டு, மற்றதெல்லாம் சுத்தமாக ஓட்டி முடித்தார்கள். நல்ல நேரம். ரொம்ப நல்ல நேரம். கூட்டம் கை தட்டியது. கைதட்டுகிறவர்களுக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு ஆரோக்கியம் மேஸ்திரி நிற்பதை அப்போதுதான் பார்த்தோம். நாங்கள் நீந்தியதையும் பார்த்திருப்பார்.

நானும் சூசையும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சண்டை போட்டோம். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறி ரத்தம் குடிக்கிறது. அதைக்கூடப் பிய்க்காமல் சண்டை.

“உன் தலை போகலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“ஏறுன்னு கத்துனேனே!”

“எதுக்கு ஏறணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தனா உன் தலைய?”

“கேட்டாத்தான் செய்வியா நீ? விளக்கம் குடுக்கணுமா? ஆத்துக்கு நடுவுல உக்காந்து உனக்குக் கதை சொல்லணுமா?”

எனக்குத் தடுப்பணை நினைவுக்கு வந்தது. கவிழ்ந்தால் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து வைத்திருந்தோம். கவிழாமல் இருக்கும்போது யார் பேச்சு என்று முடிவு செய்யவே இல்லை.

“சரி” என்றேன். “ஒரே ஒரு வார்த்தை வெச்சுக்கலாம். உன் தலை வெளிய போச்சுன்னா ‘தலை’ன்னு மட்டும் சொல்லு.”

“சொன்னா?”

“நான் கேக்க மாட்டேன். திரும்புவேன்.”

“ஒம்பதாவது கேட் மூக்குக்கு நேரா இருந்தாலும்?”

“இருந்தாலும்.”

“நீ ஆசைப்பட்டு இழுத்துட்டாலும்?”

“டேய், அதான் சொல்லிட்டேனே!”

சூசை குனிந்து என் காலிலிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தான். சமாதானம் ஆயிற்று என்று அர்த்தம்.

இரண்டாவது ஓட்டத்துக்குள் மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் ஒரு சாண் ஏறிவிட்டது. காற்றும் கிளம்பிவிட்டது. கேட் கம்புகள் ஆட ஆரம்பித்தன. நடுவர் கை காட்டினார். இறங்கினோம்.

கண்ணுகளா, அந்த ஓட்டத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! முதல் ஓட்டத்தில் தோற்றவனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்பார்கள். எங்களுக்கு இழக்க எல்லாமே இருந்தது. ஆனாலும் என் வயிற்றில் பயம் இல்லை. சூசையின் துடுப்பு முதுகுக்குப் பின்னால் ‘சளப்’ ‘சளப்’ என்று என் மூச்சோடு சேர்ந்து விழுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது சிவப்பில் படகு தண்ணீரை விட்டுப் பாதி எழும்பி, பம்பரம் மாதிரி சுழன்று ஏறியது. ஐந்தும் ஆறும் ஒரே இழுப்பு. கரையில் யாரோ “சேரம்பாடி! சேரம்பாடி!” என்று கத்துகிறார்கள். ஏழாவதில் அலை என் முகத்தில் அறைந்து, வாய் நிறைய ஆற்றைக் குடித்தேன். ருசியாக இருந்தது!

எட்டாவது. நிழலுக்குள் பாய்ந்தோம். தண்ணீர் ஏறியிருந்ததால் நிழல் சுருங்கியிருந்தது. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. என் தலை போன பிறகும் மூக்கை இழுக்காமல் ஒரு மூச்சு பொறுத்தேன். பொறுத்த பிறகுதான் இழுத்தேன். படகு வெளியே பாய்ந்தது. ஒன்பதாவது பச்சைக் கேட் வாயைத் திறந்துகொண்டு நேர் எதிரே. ஒரு கம்பைக்கூடத் தொடவில்லை. அண்ணன் தம்பியை விட வேகம் என்பது எனக்கு எலும்பிலேயே தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து வந்தது.

“தலை!”

எனக்கு நம்ப முடியவில்லை. எப்படிப் போகாமல் இருக்கும்? நான்தான் பொறுத்தேனே! திரும்பினால் நேரம் போய்விடும். திங்கட்கிழமை திருப்பூர். இத்தனையும் என் மண்டையில் ஓடியது. ஆனால் என் கை இதில் எதையும் கேட்கவில்லை. நான் வாக்குக் கொடுத்தது பாறைக்குப் பின்னால். கை அதை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. துடுப்பை ஆழமாகக் குத்தினேன். ஒன்பதாவது கேட்டின் கம்பிக்குக் கீழே போய்விடாமல், ஒரு கை தூரத்தில் படகு அப்படியே நின்று திரும்பியது. அதே நொடியில் சூசையும் குத்தியிருந்தான். முன்னாலும் பின்னாலும் ஒரே குத்து.

கரை ஓரம் சின்னச் சின்னப் பாறைகள். ஒரு பாறையின் நிழலிலிருந்து அடுத்த பாறையின் நிழலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. மாடிப்படி ஏறுவது போல. ஆறே எங்கள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. சூசை உறுமுகிறான். கவாத்துக் கத்தியை வீசுகிற தோள் இரண்டும் பின்னால் நெம்புகின்றன. படகு அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. கரையில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“எல்லாரும் கீழ போறாங்க, இவனுங்க என்னத்துக்கு மேல ஏறுறானுங்க? ஏய் மகன்! கீழ போ! கீழ!”

மேஸ்திரிதான்.

மறுபடி எட்டாவது கேட். என் தலை போயிற்று. நான் அசையவில்லை. காத்திருந்தேன்.

“போச்சா?”

“போச்சு! போ, போ, போ!”

அங்கிருந்து முடிவு வரைக்கும் என்ன செய்தோம் என்று எனக்கு நினைவே இல்லை. விழுந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு விழுகிற வேகத்தில் நாங்களும் விழுந்தோம், கம்புகளின் நடுவே, ஒன்றைக்கூடத் தொடாமல். கோட்டைத் தாண்டியதும் இரண்டு பேரும் படகின் மேல் குப்புறப் படுத்துவிட்டோம்.

“எப்பிடிடா போகாம போச்சு?” என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

“காத்துல கம்பு ஆடிட்டு நேரா மூஞ்சிக்கு வந்துச்சு. தொட்டா ரெண்டு நொடின்னு தலையச் சாச்சேன். சாச்ச தலை வெளிய போயிருச்சு.”

இரண்டு நொடிக்குப் பயந்து ஐம்பது நொடியை வாங்கிக்கொள்வது! இதை நம் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? நீங்களும் செய்வீர்கள். கம்பு முகத்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கு வலித்தாலும் பரவாயில்லை.

அண்ணன் தம்பியிடம் படகைக் கொடுத்தோம். இந்தத் தடவை அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. போனார்கள். ஏறின தண்ணீர் அவர்களுக்கும் ஏறின தண்ணீர்தான். நாலாவதில் ஒரு தொடல், ஆறாவதில் ஒன்று, பத்தாவதில் இன்னொன்று. அப்படியென்றால் அவர்களுக்கு முதல் ஓட்டத்து நேரம்தான் கணக்கு. அதற்கும் எங்கள் நேரத்துக்கும்தான் போட்டி.

ஒலிபெருக்கியை வைத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். அவர் செருமுவதற்கு அன்று என்ன அவசியம் வந்தது என்று இன்று வரை எனக்கு ஆத்திரம். முதலில் அவர்கள் நேரத்தைச் சொன்னார். அப்புறம் எங்கள் நேரத்தை. நான் கணக்கில் மந்தம். சூசை என்னை விட மந்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அண்ணன்காரன்தான் ஓடி வந்து என் ஹெல்மெட்டில் படாரென்று அடித்தான்.

“நீங்கதானுங்க! ஒரு தொடலுக்குக்கூட வராதுங்க வித்தியாசம்! போங்கடா டேய், நல்லா இருங்க!”

சூசை என்னைத் தூக்கினான். நான் அவனைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். ஸ்ரீமதுரைக்காரர்கள்கூட வந்து எங்களைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே எட்டாவது கேட்டுக்கு நடுவராக இருந்த டீச்சர் பாறைகளைத் தாண்டித் தாண்டி வந்தார். கூடலூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு சொல்லித் தருகிறவர். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

“எடா மோனே, எந்தினா, எதுக்கு நீங்க திரும்பி ஏறினது?” என்றார். “ஞான் முதல்லயே கேட் சரின்னு குடுத்துட்டேனே!”

“குடுத்துட்டீங்களா?” என்றேன் நான்.

“வலது கரையில இருந்து பாக்கும்போது தலை உள்ளயா வெளியயான்னு ஒறப்பாத் தெரியல. சந்தேகம்னா படகுக்காரங்களுக்குத்தான் குடுக்கணும். குடுத்துட்டேன். அப்பறம் பாத்தா நீங்க ரெண்டு பேரும் மீனு மாதிரி மேல ஏறி வர்றீங்க!”

அண்ணன் தம்பி இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “சும்மாவே ஏறினீங்களாடா! ஆத்தைச் சும்மா சுத்திப் பாத்துட்டு வந்தீங்களா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நொடி! எலும்பு முறிய ஏறினோமே! சூசை மேல் ஒரு கணம் பொல்லாத கோபம் வந்தது. அவன் டீச்சரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: “நீங்க குடுத்தது சரிங்க டீச்சர். அந்தப் பக்கம் இருந்து உங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா என் தலை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும் மோனே” என்றார். “உனக்குத்தான் தெரியும்.”

மேஸ்திரி இதையெல்லாம் குடையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்தார். மகன் தோளில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார்.

“டீச்சரம்மாவுக்குத் தெரியலையாம்ல?”

“தெரியலைங்கப்பா.”

“மணிக்கு?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“அவன் முன்னால உக்காந்திருக்கான். அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்ப உன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். பேசாமப் போயிருந்தா இன்னும் சுளுவா ஜெயிச்சிருப்பே.”

“ஆமாங்கப்பா.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “இவன் கத்துனதும் நீ என்னான்னு கேட்டியா?”

“இல்லைங்க மாமா.”

“கேக்காமலே திரும்பிட்டே.”

“ஆமாங்க.”

அவர் குடையைச் சூசையிடம் கொடுத்தார். வேட்டியை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றிக் கட்டினார். எங்கள் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. இனிமேல் எங்கள் படகு என்று சொல்லலாம். அதன் முன்பக்கத்துக்குப் போய்க் குனிந்து, மூக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“என்னா பாத்துட்டு நிக்கிறீங்க? பின்னால புடிங்க. ரோட்டுக்கு எது வழி?”

பாண்டியாற்றிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற பாதை உங்களுக்குத் தெரியும். செங்குத்து, வழுக்கல், ஒற்றையடி. கவிழ்த்த படகைத் தூக்கினால் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும். நானும் சூசையும் படகுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு ஏறினோம். முன்னாலிருந்து மேஸ்திரியின் குரல் வந்துகொண்டே இருந்தது.

“கல்லு.”

கல்லைத் தாண்டினோம்.

“வேரு.”

காலைத் தூக்கி வைத்தோம். பார்க்கவில்லை, கேட்கவில்லை.

“சேறு. இடது பக்கம்.”

வலது பக்கம் ஒதுங்கினோம். பாதி தூரத்தில் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“திருப்பூருக்குச் சொல்லி அனுப்பிடறேன்.”

“என்னான்னுப்பா?” என்றான் சூசை, படகுக்கு அடியிலிருந்து.

“மகனுக்கு இங்க வேலை கெடச்சிருச்சுன்னு. நடங்க. மேடு வருது.”